பங்க் அம்மா வரும் இடம்

தூக்கிவிட வேண்டியதுதான், வேறு வழியே இல்லை என்று இசக்கியம்மாள் அன்றைக்கு மூன்றாவது தடவையாக முடிவு செய்தபோது மணி மூன்றே கால். முதல் முடிவு தக்காளி சாதத்தின் நடுவில் எடுத்தது, இரண்டாவது கை கழுவும்போது. முடிவெடுப்பதில் அவள் சூரப்புலி. எடுத்த முடிவு தோளிலிருந்து இறங்கி விரலுக்கு வந்து மவுஸை அழுத்துவதற்குள்தான் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து மணிக்குள் ஹெப்சிபா மேடத்தின் மேசைமேல் பென் டிரைவ் இருக்க வேண்டும். டீ குடிக்கப் போன ரூபன், போகிற போக்கில் வாசலில் நின்று, "நான் வாரதுக்குள்ள அந்தப் பங்க் ஷாட்டத் தூக்கிரு இசக்கி, யோசிக்காத" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். யோசிக்காதே என்று சொல்வது அவனுக்குச் சுலபம். அவன் இந்தப் பாட்டு வீடியோவின் இயக்குநர், இவள் எடிட்டர். வெட்டச் சொல்கிறவன் அவன், வெட்ட வேண்டியவள் இவள், வெட்டுப்படப்போகிற ஏழு நொடியில் பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவளைப் பெற்ற ஆவுடையம்மாள். அந்த விஷயம் குழுவில் ரூபன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனும் அதை வெளியே சொல்லவில்லை, நல்ல பையன்தான், ஆனால் டீ குடிக்கப் போய்விட்டான்.

பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியின் விஸ்காம் துறையில் எடிட்டிங் அறை என்பது பழைய ஸ்டோர் ரூமுக்கு வைத்த புதுப் பெயர். மூன்று கம்ப்யூட்டரில் ஒன்று ஓடும், மின்விசிறி ஓடுகிறமாதிரி சத்தம் மட்டும் போடும். மேசையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருபத்தேழு படிவங்கள் ஒரு ரப்பர் பாண்டுக்குள் கிடந்தன. ஹெப்சிபா மேடத்தின் சட்டம் அது: எடுத்ததை ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், கருத்து எழுதி வாங்க வேண்டும், அதைப் படித்து என்ன மாற்றினோம் என்று அறிக்கை எழுத வேண்டும், அதற்கே தனி மதிப்பெண். "பாக்கிறவங்க சொல்லுறதக் கேக்க மாட்டேன்னா, வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பாடிக்கோங்க" என்று மேடம் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், இசக்கியும் சிரித்தாள். சிரித்தது என்றதும் மனசு போய் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது, சேலை முந்தி ஆணியில் மாட்டுகிறமாதிரி. இப்போது அதை எடுக்க வேண்டாம், படிவத்தைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தேழில் பத்தொன்பது பேர் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தார்கள். பங்க் அம்மா லிப் சிங்க் இல்லை. பெட்ரோல் போடுற ஆன்ட்டி வாய் ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுது. பங்க் ஆன்ட்டி செம காமெடி. ஒருவர் எழுதக்கூட இல்லை, வாயைப் பிளந்த ஒரு முகத்தைப் படமாக வரைந்து பக்கத்தில் ஒரு பம்ப்பையும் வரைந்திருந்தார். பம்ப் நன்றாகவே வந்திருந்தது, கையில் கலை இருக்கிறது, மகராசன் நன்றாக இருக்கட்டும்.

அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. மீரான் எழுதிப் பாடிய பாட்டுக்கு ஊரில் வேலை பார்க்கிற ஆட்கள் ஆளுக்கொரு வரி வாயசைக்கிறார்கள், கண்டக்டர் ஒரு வரி, பூ கட்டுகிறவர் ஒரு வரி, பேருந்து நிலையத்து அறிவிப்புக்காரர் ஒரு வரி. எல்லோரும் ஒழுங்காகப் பாட்டோடு ஒட்டி நடந்து வருகிறார்கள், ஆவுடையம்மாள் மட்டும் பின்தங்கிப் பின்தங்கி வருகிறாள். "போறவங்க போகட்டும், நான் இங்கதான் நிப்பேன்", அவ்வளவுதான் அவள் வரி. அதை ஒரு வாரம் மனப்பாடம் செய்தாள். பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பு, பஸ்ஸுக்குச் செருப்பு மாட்டும்போது முணுமுணுப்பு. படம் எடுக்கிற அன்றைக்கு யூனிஃபார்ம் கோட்டுக்கு உள்ளே கடுகுக் கலர் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கழுத்தெல்லாம் பவுடர் திட்டுத் திட்டாக வந்து நின்றாள். அம்மா, இது கல்யாண வீடு இல்லம்மா என்று இசக்கி பல்லைக் கடித்ததற்கு, "கேமராவுல எது தெரியும் எது தெரியாதுன்னு ஒனக்கு என்னட்டி தெரியும்" என்று கேட்டாள், எடிட்டரைப் பார்த்து. பிறகு அந்த மேனேஜர். பங்க்கில் செல்போன் கூடாது என்று போர்டு இருக்கிறது, செல்போன் படம் போட்டு மேலே சிவப்புக் கோடு. கேமராவுக்குப் படம் இல்லை, கோடும் இல்லை. ஆகவே கேமரா பம்ப் பக்கத்தில் வரலாம், பாட்டு ஓடுகிற செல்போன் மட்டும் அந்தக் கடைசியில், காற்றுப் பிடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். அங்கிருந்து பாட்டு வந்து சேர்வதற்குள் நாலு பைக்கும் ஒரு மினி லாரியும் குறுக்கே போயின. ரூபன் கேமராவோடு பம்ப் பக்கத்தில், இசக்கி செல்போனோடு அந்தக் கடைசியில், இருவருமாக ஆறு தடவை எடுத்தார்கள். ஆறு தடவையும் அம்மா வேறு ஏதோ ஒரு நேரத்தில் வாயைத் திறந்து வேறு ஏதோ ஒரு நேரத்தில் மூடினாள். ஆறாவது முடிந்ததும் ரூபன் சூப்பர்மா என்றான், அவள் முகம் அப்படி மலர்ந்தது, அதைப் பார்த்தபோது இசக்கிக்குப் பகீரென்றது. இப்போதும் பகீரென்கிறது. அவனாவது, இல்லம்மா, இன்னொரு தடவை என்று சொல்லியிருக்கலாம்.

இசக்கி சிரித்தாளா இல்லையா. அதுதான் கேள்வி, அதைச் சுற்றித்தான் இரண்டு நாளாக மனசு செக்கு மாடாகச் சுற்றுகிறது. செவ்வாய்க்கிழமை போட்டுக் காட்டும்போது வெளியாட்கள் ஐந்து பேராவது வேண்டும் என்றார் மேடம். மற்றவர்கள் அத்தையையும் சித்தப்பாவையும் கூட்டி வந்தார்கள், இசக்கி அம்மாவைக் கூட்டி வந்தாள், முந்தின நாளே சொல்லியும் வைத்தாள்: "அங்க வந்து எங்க அம்மான்னு சொல்லிக்காதம்மா. சொந்தக்காரங்கன்னா பாரபட்சமா எழுதுவாங்கன்னு நெனப்பாங்க." பாரபட்சம் என்ற வார்த்தை எவ்வளவு வசதியான வார்த்தை. அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் நிற்க வைத்துவிடலாம். அம்மா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மேடம் வாசலில் நின்று நீங்க யாரோட என்று கேட்டதற்கு, "சும்மா, பக்கத்துலருந்து வந்தோம்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். படத்தில் அப்படிப் பளிச்சென்று நிற்கிறவளை நேரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, பட்டும் இல்லை பவுடரும் இல்லை, தலையைக் குனிந்து பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். பங்க் காட்சி வந்தது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி இரண்டு வரிசைக்குப் பரவியது. இசக்கிக்குப் பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி நிவேதிதா அவள் தொடையில் தட்டி, "ஏட்டி, அந்த ஆன்ட்டியப் பாரேன்" என்றாள். அப்போதுதான், அந்த நொடியில்தான், இசக்கியின் உதடு விரிந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, நிவேதிதாவுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். ஆனால் உதடு விரிந்தது விரிந்ததுதான், பல் தெரிந்திருக்கும், அம்மா திரும்பிப் பார்த்திருந்தால் திரை வெளிச்சத்தில் பல் நன்றாகத் தெரிந்திருக்கும். பார்த்தாளா? அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. எல்லாம் நல்லா இருந்துச்சி என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள். அத்தனை நாளாக வாயில் ஓடிக்கொண்டிருந்த வரி அன்றைக்கு ஓடவில்லை. கேட்டுவிடலாம், அம்மா நான் சிரிச்சதப் பாத்தியா என்று. பார்க்கவில்லை என்றால் இப்போது தெரிந்துவிடும். பார்த்திருந்தால் பார்க்கவில்லை என்று சொல்லுவாள். கேட்டு என்ன பிரயோஜனம்.

ரப்பர் பாண்டை உருவிவிட்டு மறுபடியும் எண்ணினாள், பத்தொன்பது பதினெட்டாக ஆகிவிடாதா என்கிற நப்பாசை. பதினொன்றாவது படிவத்தில் கை நின்றது. தலைப்புக்கு மேலே, கல்லூரியின் பெயருக்கும் மேலே, கிடைத்த ஒரு விரற்கடை இடத்தில் ஒரு பிள்ளையார் சுழி. கருத்துப் படிவத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிற ஆள் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஒருத்திதான் உண்டு. ரேஷன் மனுவுக்குப் போடுவாள், மளிகைச் சீட்டுக்குப் போடுவாள், இசக்கியின் பரீட்சைக் கட்டண ரசீதுக்குப் பின்னால்கூட எதற்கோ போட்டு வைத்திருந்தாள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் பெயர் இல்லை. வயது என்ற இடத்தில் முப்பத்தொன்பது. ஏழு வருஷமாக அதே முப்பத்தொன்பதுதான், பெயரில்லாத தாளில்கூட ஒரு வயசு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இசக்கிக்குச் சிரிப்பு வந்தது, இந்தச் சிரிப்பு வேறு. அதற்குக் கீழே, எந்த இடம் சரியில்லை, மாற்ற வேண்டியது எது என்ற கேள்விக்கு, குண்டு குண்டாக, பிழையில்லாமல், நிதானமாக எழுதியிருந்தாள். பெட்ரோல் போடும் அம்மா வரும் இடம். பாவம் அவளுக்குப் பாட வரவில்லை. பிள்ளைகள் கஷ்டப்பட்டு எடுத்திருக்கிறார்கள், மார்க் குறைந்துவிடக் கூடாது. அந்த அம்மாவை எடுத்துவிடலாம்.

அவள் என்று எழுதியிருக்கிறாள் பார். பாவம் அவளுக்கு என்று யாரையோ போல. அம்மா என்று சொல்லாதே என்று இவள் சொன்னாள், அவள் ஒரு படி மேலே போய், தானே அந்த அம்மாவைத் தெரியாதவளாக ஆகிவிட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், காலி. சரி, அவளே சொல்லிவிட்டாள், இனி என்ன. இந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது, ஆத்திரத்தோடேயே மவுஸை அழுத்தி ஏழு நொடியையும் தூக்கிவிட்டாள். அந்த ஓட்டையில் வண்ணார்பேட்டைப் பாலத்தில் வண்டிகள் போகிற ஷாட்டை வைத்தாள். ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கண்டக்டர், பூக்காரர், பாலம், அறிவிப்புக்காரர் என்று தடங்கல் இல்லாமல் போயிற்று, பத்தொன்பது பேரும் சொன்னது சரி, இருபதாவதாக அவள் அம்மா சொன்னதும் சரி, இல்லை, அம்மாவும் பத்தொன்பதுக்குள்தான். ஆறு மணிக்கு அம்மா வேலை முடிந்து வருவாள். குடுத்துட்டியா என்று கேட்பாள். குடுத்துட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு கல்லூரி ஆண்டு விழாவில் திரையில் போடுவார்கள், அம்மா வருவாள், மூன்றாவது வரிசையில் உட்காருவாள், பூக்காரர் முடிந்ததும் பாலம் வரும். அப்போது அந்த முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று யோசித்தாள். எந்தப் பக்கத்திலிருந்தும் முடியாது என்று தோன்றியது.

படிவங்களை அடுக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது, அவை இருபக்கமும் அச்சடித்தவை. அச்சடிக்கக் கொடுத்ததே அவள்தான், ஆனால் எண்ணும்போது குழுவில் ஒருவரும் பின்பக்கம் திருப்பவில்லை. அறிக்கைக்கு எதை மாற்றினோம் என்பதுதான் வேண்டும், குறைகள் முன்பக்கத்தில், ஆகவே பின்பக்கத்தில் என்ன கேட்டிருந்தோம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டிருந்தார்கள். அம்மாவின் படிவத்தைத் திருப்பினாள். பூக்காரர் பாடும் இடம் என்று எழுதியிருந்தது. அதற்கு முன்னால் என்னவோ எழுதி, அடித்து, அடித்ததன்மேல் மறுபடி கட்டம் கட்டமாகக் கிறுக்கியிருந்தது. அம்மா அடித்து எழுதுகிறவள் இல்லை, மளிகைச் சீட்டில் உளுந்தம்பருப்பு வேண்டாம் என்றால்கூடப் பக்கத்தில் வேண்டாம் என்று எழுதுவாளே தவிர அடிக்க மாட்டாள். இசக்கி எழுந்து நாற்காலிமேல் ஏறி, தாளை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். கிறுக்கலுக்குள்ளிருந்து எழுத்து மெதுவாகக் கழன்று வந்தது. பங்க்கில் அந்த அம்மா நிற்கும் இடம். சேலை எடுப்பாக இரு. அதோடு நின்றிருந்தது. இருக்கிறது என்று முடிப்பதற்குள் பின்வரிசையில் சிரித்திருப்பார்கள். அல்லது அம்மா திரும்பி இசக்கியைப் பார்த்திருப்பாள். நாற்காலியில் நின்றபடியே மற்ற இருபத்தாறையும் திருப்பினாள். கண்டக்டர், பூக்காரர், மீரான் குரல், அறிவிப்புக்காரர். அம்மாவைப் பிடித்திருந்தது அம்மாவுக்கு மட்டும்தான். அதையும் அடித்துவிட்டாள். இசக்கி நாற்காலியிலிருந்து இறங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு அந்த ஷாட்டை மறுபடி கொண்டுவந்தாள். வைப்பதற்காக அல்ல, பார்ப்பதற்காக, சேலை எடுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருந்தது. காக்கிக் கோட்டின் கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கடுகுக் கலர் மின்னியது, கேமராவில் எது தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. மூலக் கோப்பிலிருந்து புதிதாக இழுத்துப் போட்டதால் கூடவே கேமராவில் பதிவான சத்தமும் வந்து விழுந்தது. பாட்டு வீடியோவுக்கு அந்தச் சத்தம் வேண்டாத சரக்கு, முதல் நாளே எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்துவிடுவார்கள், ஒருவரும் கேட்பது கிடையாது. பைக் ஒன்று உதைபட்டுக் கிளம்பியது. யாரோ அக்கா, ஆயில் இருக்கா என்றான். அதற்கு நடுவில் ஒரு குரல் வந்தது. போறவங்க போகட்டும். இசக்கி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அம்மா வாயசைக்கவில்லை, பாடியிருக்கிறாள். காற்று மெஷினுக்குப் பக்கத்தில் ஓடிய பாட்டு அவளுக்குக் கேட்கவே இல்லை, கேட்கவில்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சிரமம் என்று ஆறு தடவையும் தன் பாட்டுக்குப் பாடியிருக்கிறாள். மீரான் ஏழு நொடியில் விரட்டிக்கொண்டு போகிற வரியை அவள் பதினோரு நொடி, அவசரமில்லாமல், நான் என்பதில் கொஞ்சம் நின்று, இங்கதான் என்பதில் இன்னும் கொஞ்சம் நின்று பாடினாள். பெரிய சங்கீதம் ஒன்றும் இல்லை. குரல் ஓரிடத்தில் பிசிறியது. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அம்மா வாய்விட்டுப் பாடி இசக்கி கேட்டதில்லை. உதடும் குரலும் அப்படி ஒட்டிக்கொண்டு போயின, அவளுக்கு லிப் சிங்க் இல்லை என்று சொன்ன பத்தொன்பது பேருக்கும் கேட்டது மேலே ஒட்டிய பாட்டுத்தான், பிசகு அதில், அம்மா சரியாக இருந்தாள். மணி நாலு பத்து. பாலத்தைத் தூக்கினாள். பூக்காரர் முடிகிற இடத்தில் மீரானின் பாட்டை நிறுத்தி, பைக்கையும் ஆயில் கேட்டவனையும் அப்படியே விட்டு, பதினோரு நொடி அம்மாவை மட்டும் வைத்து, நிப்பேன் என்று அவள் வாயை மூடியதும் பாட்டில் அடுத்து வரும் பறையடியை உள்ளே விட்டாள். இதற்கு யார் என்ன எழுதுவார்கள் என்று தெரியாது, எழுதி வாங்க இனி நேரமும் கிடையாது.

ரூபன் வந்தபோது கூடவே நிவேதிதாவும் வந்தாள், கையில் இவளுக்காக ஒரு டீயும் பருப்பு வடையும். ஓட்டிக் காட்டினாள். பாட்டு நின்றதும் ரூபன் வாயைத் திறந்தான், திறந்த வாயோடேயே கடைசி வரை பார்த்தான். பறை வந்ததும், "மீரான் என்னயக் கொல்லுவான்" என்றான். பிறகு, "இன்னொருக்கா போடு" என்றான். போட்டாள். நிவேதிதா சிரிக்கவில்லை. "யாருட்டி அது பாடுதது?" என்று கேட்டாள், உண்மையாகவே கேட்டாள். இசக்கி டீயைக் கீழே வைத்தாள். "எங்கம்மா" என்றாள். சொல்லி முடித்த பிறகு, இது இவ்வளவு சின்ன வார்த்தையா என்று இருந்தது. நிவேதிதாவின் முகம் சிவந்து, செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டது தெரிந்தது. நானுந்தான் சிரிச்சேன், விடு என்றாள் இசக்கி. வீடியோவை ஒரே கோப்பாகச் சேமிக்கக் கொடுத்துவிட்டுத் திரையில் பச்சைக் கோடு நகர்வதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. அம்மாதான். நாலரை மணி டீ நேரத்துக்குப் பங்க்கை விட்டு வெளியே ரோட்டோரம் வந்து நின்றுகொண்டு பேசுவாள், போர்டில் கோடு போட்டிருக்கிறதே.

"சாப்பிட்டியாட்டி?" என்று ஆரம்பித்தாள். சாப்பிட்டேன். தக்காளி சாதத்துல உப்பு காணாதுல்லா? சரியாத்தான் இருந்துச்சி. லாரி ஒன்று அந்தப் பக்கம் நீளமாகப் போய் முடிந்தது. பிறகு, யாரோ மூன்றாம் மனுஷர் வீட்டுச் சமாச்சாரம் கேட்கிறமாதிரி, "அந்தப் பேப்பர்லாம் படிச்சியளா? எல்லாரும் என்ன எழுதியிருக்காவ? அந்தப் பங்க்ல நிக்கவள வெட்டச் சொல்லிருப்பாவளே?" என்றாள். இசக்கி மேசையில் கிடந்த கட்டைப் பார்த்தாள். பத்தொன்பது.

"ஒரே ஒருத்தங்கதான்மா சொல்லிருக்காங்க" என்றாள். "மத்த எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பைக் வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது.

"ஒரே ஆளா?" என்றாள் ஆவுடையம்மாள். "அப்ப அவ கெடக்கா. அவளுக்கு என்ன தெரியும். நீ வெட்டாத, கேட்டியா."